பரோக்: முத்திலிருந்து கலைக்கு வந்த சொல்

உருண்டையாக இல்லாமல் நெளிந்து கிடக்கும் முத்துக்குப் போர்ச்சுகீசிய மொழியில் 'பரோக்கு' என்று பெயர். 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கலைப் பாணி ஒன்றின் பெயரான 'பரோக்' அதிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. இடைக்காலத் தருக்க நூல்களில் வரும் ஒரு வாய்பாட்டுச் சொல்தான் மூலம் என்போரும் உண்டு. ஆனால் 1694-இல் வெளியான பிரெஞ்சு அகாதமி அகராதி, இது முத்துக்கு மட்டுமே வழங்கும் சொல் என்கிறது. கலை பற்றி அதில் பேச்சே இல்லை.

கலைக்குள் இந்தச் சொல் வசவாகத்தான் நுழைந்தது. கிரேக்க, ரோமானிய அளவுகளே சரி என்றிருந்த 18-ஆம் நூற்றாண்டு ரசிகர்கள், முந்தைய நூற்றாண்டின் கட்டடங்களையும் சிற்பங்களையும் கோணல் என்று பழித்தார்கள். இடைக்கால ஐரோப்பிய ஆலயங்களின் பாணியான கோதிக்கின் கதையும் இதேதான். பாரிஸ் அருகே சான் தெனி மடாலயத்தில் 1140-களில் உருவெடுத்த பாணிக்கும் ரோமைச் சூறையாடிய கோத்து இனத்தாருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மறுமலர்ச்சிக்கால இத்தாலியர்கள் இளக்காரமாக ஒட்டிய பெயர் அது. பரோக்கின் மேலிருந்த கறை போகத் தொடங்கியது 1888-இல், கலை வரலாற்றாளர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் அதை மறுமலர்ச்சியோடு ஒப்பிட்டு நூல் எழுதிய பிறகு.

சரி, மறுமலர்ச்சிக் கலைக்கும் பரோக்குக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? கோலியாத் என்ற பெரும் வீரனைக் கவண்கல்லால் வீழ்த்திய விவிலியத் தாவீதின் இரண்டு சிலைகளைப் பார்த்தால் போதும். மைக்கேலாஞ்சலோவின் தாவீது (1501–04) கவணைத் தோளில் போட்டபடி நிற்கிறான். சண்டை இன்னும் தொடங்கவில்லை. பரோக் சிற்பி பெர்னினியின் தாவீது (1623–24) உதட்டைக் கடித்து, உடலை முறுக்கி, கல்லை எறியும் கணத்தில் இருக்கிறான். எதிரே நிற்பவர் கோலியாத்தாகி விடுகிறார்! இந்த வேகத்துக்குப் பின்னால் கத்தோலிக்கத் திருச்சபையும் இருந்தது. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள் படங்களை உடைத்துக்கொண்டிருந்த காலத்தில், அந்தத் திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் சமயப் படங்கள் மக்களுக்குப் போதிக்கவும் பக்தியைத் தூண்டவும் வேண்டும் என்றது. அப்புறம் பெர்னினி, ரோமில் புனித தெரேசாவின் சிலைக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு சன்னலை வைத்து, ஒளி வானிலிருந்தே இறங்குவதுபோல் செய்தார். கோதிக் ஆலயத்தில் வண்ணக் கண்ணாடிச் சன்னலே காட்சிப்பொருள்; இங்கே அதை மறைத்ததில்தான் வித்தை.

தமிழில் என்ன சொல்வது? 'மிகையணிக் கலை' என்றால் அலங்காரம் மட்டுமே மனதில் நிற்கும், பழைய வசவும் திரும்பி வரும். 'கோணல்முத்துப் பாணி' சிரிப்பைத்தான் வரவழைக்கும். 'உணர்வெழுச்சிப் பாணி' பொருளுக்குக் கிட்டே வருகிறது; ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் ரொமான்டிக் இயக்க ஓவியங்களுக்கும் அது பொருந்திவிடும். அதனால் 'பரோக்' என்றே எழுதி, முதல் முறை மட்டும் அடைப்புக்குறிக்குள் 'உணர்வெழுச்சிப் பாணி' என்று சேர்ப்பது நல்லது.