இங்கிலாந்தில் வீடு கட்டும்போது ஜன்னலைச் சுற்றி வீணாகும் சூடு: பார்ட் எல் விதி என்ன கேட்கிறது?

இங்கிலாந்தில் மனை வாங்கிப் புது வீடு கட்டுகிறவர்களும் சரி, இருக்கிற வீட்டின் பின்பக்கம் எக்ஸ்டென்ஷன் எடுக்கிறவர்களும் சரி, ஜன்னல் என்று வந்துவிட்டால் கண்ணாடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். டபுள் போடலாமா, டிரிபிள் போடலாமா, எந்த கம்பெனி என்ன விலை சொல்கிறான், இதிலேயே வாரக்கணக்கில் போய்விடும். ஜன்னல் சட்டம் (ஃபிரேம்) சுவரோடு சேருகிற நாலு ஓரங்களைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. கட்டட விதி கேட்கிறது. அதுவும் 2022 ஜூன் 15-இல் நடைமுறைக்கு வந்த புதிய பார்ட் எல், அதாவது எரிசக்தி மிச்சத்துக்கான பகுதி, கொஞ்சம் அழுத்தியே கேட்கிறது.

முதலில் எண்கள். யு-வேல்யு என்றால் உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட்ஸ் சூடு வெளியே போகிறது என்பது. எண் குறையக் குறைய நல்லது. புது வீட்டில் ஜன்னலின் யு-வேல்யு 1.6-ஐத் தாண்டக்கூடாது. ஆனால் 1.6 போட்டால் பாஸ் என்று நினைத்துவிட வேண்டாம், அது கடைசி எல்லை மட்டும்தான். உங்கள் வீட்டை அதே அளவு, அதே வடிவத்தில் கணினியில் கட்டிய ஒரு மாதிரி வீட்டோடு ஒப்பிட்டுத்தான் பாஸா ஃபெயிலா என்று முடிவு செய்கிறார்கள், அந்த மாதிரி வீட்டில் ஜன்னலுக்கு 1.2, சுவருக்கு 0.18, கூரைக்கு 0.11. கார்பன் அளவு, மொத்த எரிசக்தி, சுவர்-கூரை-ஜன்னலின் தரம் என்ற மூன்று கணக்கிலும் உங்கள் வீடு அதைவிட மோசமாக இருக்கக்கூடாது. ஒன்றில் கொஞ்சம் விட்டால் இன்னொன்றில் பிடிக்க வேண்டும். ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் 25 சதவீதத்தைத் தாண்டினால், மாதிரி வீட்டுக்கு 25 சதவீதத்தோடு நிறுத்திவிடுவார்கள். கூடுதல் கண்ணாடிக்கான இழப்பை நீங்கள்தான் வேறெங்காவது ஈடுகட்ட வேண்டும்.

ஜன்னல் விற்கிறவர் '0.6' என்று ஒரு எண்ணைக் காட்டினால், அது கண்ணாடியின் நடுப்பகுதிக்கா முழு ஜன்னலுக்கா என்று கேளுங்கள். விதிக்கு வேண்டியது சட்டத்தையும் சேர்த்து முழு ஜன்னலுக்கான எண். இப்படிப்பட்ட நல்ல கண்ணாடியைவிடச் சட்டம் பெரும்பாலும் பலவீனம் என்பதால் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும்.

சரி, ஓரங்களுக்கு வருவோம். இங்கே சாதாரண செங்கல் வீட்டுச் சுவர் என்பது இரண்டு சுவர்: வெளியே செங்கல், உள்ளே பிளாக், நடுவில் கேவிட்டி என்ற இடைவெளி, அதில் சூட்டைத் தடுக்கும் இன்சுலேஷன். ஜன்னலுக்கு ஓட்டை விடும் இடத்தில் இந்த இன்சுலேஷன் அறுபடுகிறது. மேலே சுவரைத் தாங்கும் லின்டல், கீழே சில் என்ற அடிப்பலகை, இரண்டு பக்கவாட்டு ஓரங்கள் என நாலு இடத்திலும் சூடு போக வழி கிடைக்கிறது. இந்த ஓர இழப்புக்குத் தனி எண் உண்டு, சை-வேல்யு என்பார்கள். அது சதுர மீட்டர் கணக்கில் வராது, ஒரு மீட்டர் நீளத்துக்கு இத்தனை வாட்ஸ் என்று வரும்.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மாதிரி வீட்டில் லின்டலுக்கு 0.05 என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் ஆர்கிடெக்டோ, இந்தக் கணக்கைப் போடும் எனர்ஜி அசெஸரோ லின்டல் என்ன மாடல், அதன் சை-வேல்யு என்ன என்று எதையும் கொடுக்காமல் விட்டால், கணக்கு தானாகவே 1.0 என்று எடுத்துக்கொள்ளும். இருபது மடங்கு. பத்து ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் மேலே 1.2 மீட்டர் லின்டல் என்று வைத்தால் மொத்தம் 12 மீட்டர். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால் 1.0 கணக்கில் 240 வாட்ஸ், 0.05 கணக்கில் 12 வாட்ஸ். இதே பத்து ஜன்னலும் 1.2-க்கு 1.2 மீட்டர் என்றால் மொத்தம் 14.4 சதுர மீட்டர். அதை 1.2-லிருந்து 0.8 உள்ள டிரிபிள் கிளேசிங்காக மாற்றினால் மிச்சமாவது சுமார் 115 வாட்ஸ்தான். அதாவது லின்டலுக்கான ஒரு பேப்பர் இல்லாததால் கணக்கில் விழும் ஓட்டையை அடைக்க, டிரிபிள் கிளேசிங் போட்டாலும் பாதிதான் அடைபடும்.

உண்மையில் அவ்வளவு சூடு போகுமா என்றால், போகாது. 1.0 என்பது வேண்டுமென்றே மோசமாக வைத்த எண். ஆனால் ரொம்பவும் கற்பனை இல்லை. இப்போது கணக்கில் செல்லாத பழைய அரசுக் கட்டுமானப் படங்களிலேயே, துளையிட்ட இரும்பு அடித்தகடு உள்ள லின்டலுக்கு 0.5-உம் மற்றவற்றுக்கு 0.3-உம் தந்திருந்தார்கள். இரும்பு உள் சுவரிலிருந்து வெளிச் சுவர் வரை ஒரே துண்டாக ஓடும்போது சூடு அதன் வழியாக நேராக வெளியே போய்விடுகிறது. உள் சுவருக்கு ஒன்று, வெளிச் சுவருக்கு ஒன்று எனத் தனித்தனி லின்டல் வைத்து நடுவில் இன்சுலேஷன் விட்டாலோ, இரண்டு இரும்புக்கும் நடுவில் சூடு கடத்தாத துண்டு வைத்துத் தயாரித்த லின்டலை வாங்கினாலோ இது பெரிய அளவில் குறையும். கம்பெனியிடம் கேட்டால் அந்த மாடலின் சை-வேல்யுவைத் தருவார்கள். லின்டல் மட்டுமில்லை, எந்த மூலைக்கும் எண் தராமல் விட்டால் மொத்த வீட்டுக்கும் 0.20 என்று ஒரு தண்டனை எண் போட்டுவிடும் வழியும் அதே விதியில் இருக்கிறது. அதில் மாட்டினால் பாஸ் ஆவது கஷ்டம்.

பக்கவாட்டு ஓரங்களுக்கும் சில்லுக்கும் விதியின் வழிகாட்டி ஆவணம் கேட்பது இவ்வளவுதான்: கேவிட்டியின் திறந்த ஓரத்தை மூடும், உள்ளே இன்சுலேஷன் உள்ள கேவிட்டி குளோசரை இடைவெளி விடாமல் தொடர்ச்சியாக வைக்க வேண்டும், ஜன்னல் சட்டம் இன்சுலேஷன் வரிசையைத் தொட்டுக்கொண்டு உட்கார வேண்டும், தொடவில்லை என்றால் ஜன்னலின் உள்ளோரச் சுவருக்குத் தனியாக இன்சுலேஷன் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பலருக்கு ஜன்னல் வெளிச் செங்கலோடு ஒட்டி முன்னால் இருந்தால் பிடிக்கும், உள்ளே அகலமான மேடை கிடைக்கும், சாமி படமோ பூந்தொட்டியோ வைக்கலாம். ஆனால் சட்டம் வெளிச் செங்கல் மேல் முழுதாக ஏறிவிட்டால், குளோசரும் இன்சுலேஷனும் அதற்குப் பின்னால் தங்கிவிடும், சூடு அந்த இடைவெளியில் சுற்றிப் போய்விடும். அதே மேடை வேண்டும் என்றால் உள்ளோரத்தில் இன்சுலேஷன் போர்டு ஒட்டியாக வேண்டும். அதற்கான தடிமனை முன்கூட்டியே விடவில்லை என்றால் போர்டு சட்டத்தின் மேல் ஏறி ஜன்னலைத் திறக்க விடாது.

விதி இதைக் கேட்பது கேஸ் பில்லுக்காக மட்டுமில்லை. சுவரின் உள்முகம் எவ்வளவு குளிரலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு: வீடுகளுக்கு 0.75. உள்ளே 20, வெளியே 0 என்றால் எந்த மூலையும் 15 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்று அர்த்தம். அதற்குக் கீழே போனால் அரிசி கொதிக்கிற ஆவியும் ரேடியேட்டரில் காயப்போட்ட துணியின் ஈரமும் போய் அங்கேதான் படியும். பெட்ரூம் ஜன்னல் ஓரத்தில் கறுப்பாக வருகிற பூஞ்சையை வருஷா வருஷம் பிளீச் போட்டுத் துடைக்கிறவர்கள், கண்ணாடியைக் குறை சொல்வதை விட்டு ஓரத்தைப் பாருங்கள். ஜன்னல் சட்டத்தில் காற்றோட்டத்துக்காக இருக்கும் சிறு திறப்பான டிரிக்கிள் வென்ட்டை டேப் போட்டு மூடுவதும் தீர்வு இல்லை, அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

காற்றுக் கசிவும் இதோடு சேர்ந்ததுதான். இப்போது கட்டும் ஒவ்வொரு புது வீட்டுக்கும் காற்று எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் பிரஷர் டெஸ்ட் கட்டாயம், முன்பு போல சில வீடுகளை மட்டும் சாம்பிள் எடுப்பதில்லை. வெளிப்பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று என்ற கணக்கில் எல்லை 8, மாதிரி வீட்டில் 5. ஜன்னலைச் சுற்றி ஃபோம் அடித்து மேலே சிலிக்கோன் இழுத்துவிட்டால் போதும் என்று நினைக்கும் ஃபிட்டர்கள் இருக்கிறார்கள். ஃபோம் இடைவெளியை நிரப்பும், ஆனால் காற்றைத் தடுக்க உள்பக்கம் சட்டத்தையும் பிளாக் சுவரையும் இணைக்கும் டேப்போ சரியான சீலன்ட்டோ வேண்டும். பிளாஸ்டர் பூசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது, அப்போதே செய்துவிட்டால் டெஸ்டில் ஃபெயில் ஆனபிறகு பூச்சை உடைத்துச் செய்ய வேண்டியதில்லை.

வீட்டுக்காரருக்கு இந்த விதியில் கிடைத்த நல்ல ஆயுதம் ஃபோட்டோ. புது வீட்டில் ஒவ்வொரு வகை ஜன்னலுக்கும், கேவிட்டி குளோசர் அல்லது இன்சுலேஷன் வரிசையை ஒப்பிட்டு ஜன்னல் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிகிற மாதிரி, மூடி மறைப்பதற்கு முன் ஃபோட்டோ எடுக்க வேண்டும். இடமும் தேதியும் நேரமும் ஃபோட்டோவிலேயே பதிவாகியிருக்க வேண்டும், பக்கத்து மனையில் எடுத்ததை இங்கே ஒட்டக்கூடாது. இதை வைத்து எனர்ஜி அசெஸர் பி.ஆர்.இ.எல் என்ற அறிக்கையை முடித்துக் கொடுக்கிறார், கட்டியவர் கையெழுத்துப் போடுகிறார், ஃபோட்டோக்களோடு அது கட்டட வேலையைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலுக்கும் வீட்டுச் சொந்தக்காரருக்கும் போக வேண்டும். டெவலப்பரிடமிருந்து புது வீடு வாங்குகிறவர்களும் இதைக் கேட்கலாம். சாவி வாங்கும் அவசரத்தில் பலர் கேட்பதே இல்லை.

எக்ஸ்டென்ஷனுக்கு இந்த ஃபோட்டோ ஏற்பாடு இல்லை, எண்களும் வேறு. ஜன்னலுக்கு 1.4 அல்லது எனர்ஜி ரேட்டிங்கில் குறைந்தது 'பி'. கண்ணாடி அதிகமுள்ள கதவுக்கு 1.4 அல்லது 'சி'. கூடவே பரப்புக்கு ஒரு வரம்பு: எக்ஸ்டென்ஷன் தரைப்பரப்பில் 25 சதவீதம், அதோடு எக்ஸ்டென்ஷனால் மறைந்துபோன பழைய ஜன்னல், கதவுகளின் பரப்பு. 20 சதுர மீட்டர் கிச்சன் எக்ஸ்டென்ஷன் என்றால் 5, மறைந்த பழைய கதவும் ஜன்னலும் 3 என்றால் மொத்தம் 8. நாலு மீட்டர் அகலம், 2.1 உயரத்தில் மடித்துத் திறக்கும் பைஃபோல்ட் கண்ணாடிக் கதவு ஒன்று போட்டாலே 8.4 ஆகிவிட்டது, கூரையில் ரூஃப்லைட் வேறு ஆசைப்பட்டால் அதுவும் இந்தக் கணக்கில்தான். முடியாது என்று இல்லை. சுவர், கூரையை இன்னும் நன்றாகச் செய்து மொத்த சராசரி யு-வேல்யுவைக் காட்டலாம், இல்லையென்றால் வீடு முழுவதற்கும் எஸ்.ஏ.பி என்ற அரசின் எரிசக்திக் கணக்குப் போடலாம். ஆனால் பைஃபோல்ட் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். எக்ஸ்டென்ஷனிலும் ஃபோட்டோவை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் பின்னால் பில்டரோடு பேச்சு வந்தால் கையில் ஏதாவது இருக்கும்.

பழைய ஜன்னலை எடுத்துவிட்டுப் புதிது போடுவதற்கும் 1.4 அல்லது 'பி'தான். ஃபென்ஸா, செர்டாஸ் போன்ற ஜன்னல் பொருத்துபவர்களுக்கான அமைப்பில் பதிவுள்ளவர் போட்டால் அவரே சான்றிதழ் தந்துவிடுவார், இல்லையென்றால் நீங்கள் பில்டிங் கண்ட்ரோலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் முதலில் கேட்கும் பேப்பர்களில் இது ஒன்று. ஆனால் ஃபென்ஸா சான்றிதழ் புது வீட்டுக்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் பொருந்தாது, அங்கே பில்டிங் கண்ட்ரோலின் கம்ப்ளீஷன் சான்றிதழ்தான்.

விதியை மீறினால்? கவுன்சில் நோட்டீஸ் கொடுத்துச் சரிசெய்யவோ இடித்துக் கட்டவோ சொல்லலாம். முன்பு வேலை முடிந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்தால்தான் உண்டு, 2023 அக்டோபர் 1 முதல் பத்து வருஷம். நோட்டீஸ் வருவது வீட்டுச் சொந்தக்காரருக்கு. அதனால் பில்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட முடியாது. இதெல்லாம் இங்கிலாந்துக் கணக்கு. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனி விதிகள், எண்களை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம் காசு. சொந்தமாகக் குடியிருக்கப் புது வீடு கட்டினால், வாங்கிய ஜன்னல், லின்டல், இன்சுலேஷன் உட்பட கட்டுமானப் பொருட்களுக்குக் கொடுத்த மதிப்புக் கூட்டு வரியை வரித்துறையான எச்.எம்.ஆர்.சி-யிடம் திரும்பக் கேட்கலாம். 2023 டிசம்பர் 5 முதல் இதற்கான கெடு மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதமாகக் கூடியிருக்கிறது. வாடகைக்கு விடக் கட்டினால் கிடையாது, எக்ஸ்டென்ஷனுக்கும் கிடையாது. புது வீட்டுக்கு ஜன்னலை வாங்கித் தந்து மாட்டியும் கொடுக்கும் கம்பெனி பூஜ்ஜிய வரியில்தான் பில் போட வேண்டும். 20 சதவீதம் போட்டுவிட்டால் எச்.எம்.ஆர்.சி அதைத் திருப்பித் தராது, கம்பெனியிடம்தான் பில்லை மாற்றி வாங்க வேண்டும். இருக்கிற வீட்டில் ஜன்னல் மாற்றினால் 20 சதவீதம் முழுதாகக் கட்ட வேண்டும், ஏனென்றால் எரிசக்தி மிச்சப்படுத்தும் பொருட்களுக்கான பூஜ்ஜிய வரிப் பட்டியலில் டபுள் கிளேசிங் இல்லை. ஆனால் ஜன்னல், கதவு இடுக்கில் காற்று வராமல் ஒட்டும் டிராஃப்ட் ஸ்டிரிப் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2027 மார்ச் 31 வரை அதற்கு வரி இல்லை, ஆள் வந்து பொருத்திக் கொடுத்தால் மட்டும். கடையில் நீங்களே வாங்கினால் வழக்கமான வரிதான்.