பழைய ஏசிக்கு ஆர்-22 கேஸ்: எதற்குத் தடை, எதற்கு இல்லை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில், ஆர்-22 என்ற குளிரூட்டும் கேஸில் ஓடும் பழைய ஸ்பிளிட் ஏசிகள் இன்னும் இருக்கின்றன. கல்யாணத்துக்கோ படைப்புக்கோ வீட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டால் காற்று வரும், குளிர் வராது. "இந்தக் கேஸைத் தடை பண்ணிட்டாங்க, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

புதிய ஏசி தயாரிப்பில் ஆர்-22 பயன்படுத்துவதுதான் இந்தியாவில் 2025 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டிருக்கிறது. வீட்டில் இருப்பதை ஓட்டலாம், பழுது பார்க்கலாம், அதே கேஸையும் நிரப்பலாம்.

ஆர்-22இல் உள்ள குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கிறது. அதனால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி (இந்தியா சேர்ந்தது 1992இல்) படிப்படியாகக் குறைக்கிறார்கள். வளரும் நாடுகளுக்கு 2009-10 சராசரிப் பயன்பாட்டிலிருந்து 2025இல் 67.5% வெட்டு, 2030இல் நிறுத்தம். அதன் பிறகும் 2040 வரை, பழைய கருவிகளின் சர்வீஸுக்கென்று ஆண்டுக்குச் சராசரியாக அந்தப் பழைய அளவில் 2.5% விட்டுவைத்திருக்கிறார்கள். ஆக, கேஸ் கிடைக்கும், விலைதான் கடிக்கும்.

அதனால் வருஷா வருஷம் 'டாப்-அப்' போடுவது வீண் செலவு. ஏசியில் கேஸ் தானாகத் தீராது, குறைந்தால் எங்கோ கசிகிறது. முதலில் காப்பர் பைப்பை யூனிட்டோடு இணைக்கும் பிளேர் நட்டுகளைப் பாருங்கள்: எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் பெரும்பாலும் அங்கேதான் லீக். மிச்சக் கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் ரிக்கவரி சிலிண்டரில் இழுக்கச் சொல்லுங்கள். பிறகு நைட்ரஜனை 250 பிஎஸ்ஐ அளவுக்கு ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவிச் சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை மாட்ட விடவே கூடாது, கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். லீக்கை அடைத்தபின் வேக்கம் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுத்து, அழுத்தத்தை 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இறக்கி, அவுட்டோர் யூனிட் நேம் பிளேட்டில் உள்ள எடைக்குத் தராசு வைத்து நிரப்புவதே முறை. வேக்கம் போடாவிட்டால் ஈரம் உள்ளே தங்கி அமிலமாகிக் கம்ப்ரசரைத் தின்றுவிடும்.

ஆர்-22 மெஷினில் ஆர்-410ஏ என்ற வேறு குளிரூட்டும் கேஸை ஏற்றவே கூடாது; அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு. எரியும் கேஸான ஆர்-290ஐ ஏற்றுவது தீயோடு விளையாட்டு.

புதுசுதான் வாங்குவதென்றால் ஆர்-32 அல்லது ஆர்-290க்கென்றே செய்ததைப் பாருங்கள். ஆர்-410ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்ஸைடைப்போல் 2,088 மடங்கு. மான்ட்ரியல் உடன்படிக்கையின் கிகாலி திருத்தப்படி இந்தியாவில் இந்த வகைக் கேஸ்களுக்கு 2028இல் உச்சவரம்பு வருகிறது. பழைய காப்பர் பைப்பை அப்படியே மாட்டிவிடாமல் தடிமன் பார்த்து, பிளேரை (நட்டுக்குள் உட்காரும் விரித்த பைப் முனை) புதிதாக அடிக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பூச்சுக்குள் புதைத்த பைப்பில் லீக் வந்தால் சுவரைத்தான் கொத்த வேண்டியிருக்கும். பைப்பைச் சுவருக்கு வெளியே கொண்டுபோவதே நல்லது.