கழைக்கூத்தாடிக்கு ஏது வண்டி?

பழைய ஆங்கிலப் படம் ஒன்று. "கழைக்கூத்து வண்டிகள் ஊருக்குள் வருகின்றன" என்று சப்டைட்டில் ஓடுகிறது. திரையில் பார்த்தால் சாமான் வண்டிகள் வரிசையாக வர, பின்னால் யானை. சர்க்கஸைத்தான் அப்படி ஆக்கியிருக்கிறார்கள். இந்த மொழிபெயர்ப்பைப் பார்ப்பது மூன்றாவது தடவை, அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கஸ் லத்தீன் சொல், பொருள் வட்டம். 1768-ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி ஓடும் குதிரைமேல் நின்று வித்தை காட்டினார், இன்றைய சர்க்கஸ் அதில்தான் பிறந்தது. வட்டமாகச் சுற்றினால் விழாமல் நிற்பது சுலபம், அந்த வட்டம் பிறகு 42 அடி என்று நிலைத்தது. நம் நாட்டில் 1880-ல் விஷ்ணுபந்த் சத்ரே ஆரம்பித்தார், அவரும் குதிரை பழக்கியவர்தான்.

கழை என்றால் மூங்கில். குறுந்தொகை ஏழாம் பாட்டிலேயே கயிற்றில் ஆடுகிறவர்களின் பறை கேட்கிறது, ஆஸ்ட்லிக்கு ஆயிரம் வருஷத்துக்கும் மேல் முன்னால். மன்னார்குடியில் எங்கள் தெருவுக்கு வரும் கழைக்கூத்தாடிக் குடும்பத்திடம் நாலு மூங்கில், ஒரு கயிறு, ஒரு மேளம், காசுக்கு ஒரு தட்டு, அவ்வளவுதான், எல்லாம் தலைச்சுமை. அரை மணியில் அவிழ்த்துக் கட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

சர்க்கஸ் தை அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும்போது வரும். முதலில் லாரிகள். ஒரு லாரி நிறைய கூடாரம் கட்டும் இரும்பு முளை மட்டுமே இருக்கும். ஒரே முளையைச் சுற்றி நாலு பேர் நின்று அடிப்பார்கள், ஒருவர் சம்மட்டி எழும்போது அடுத்தவருடையது இறங்கும், ஒன்றோடொன்று மோதி நான் பார்த்ததில்லை. இதைப் பார்க்கவே பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறோம். ராத்திரியானால் ஃபோகஸ் லைட் வானத்தில் சுற்றும், வடுவூரிலிருந்தே தெரிந்ததாகச் சித்தப்பா சொல்வார்.

இவை இரண்டும் ஒன்றா? பழந்தமிழ்ச் சொல் கிடைக்கும்போது விடுவானேன் என்கிறார்கள் இப்படி மொழிபெயர்ப்பவர்கள். கிடைக்கிறது, சரி, ஆனால் அதற்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே. அவர்கள் பேரைப் பிடுங்கி யானையும் குதிரையும் வைத்திருந்த கம்பெனிக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்குக் கழைக்கூத்தாடியை என்னவென்று எழுதுவீர்கள்? தமிழ்தான் வேண்டுமென்றால் வட்டரங்கு இருக்கிறது, லத்தீன் சொல்லின் பொருளோடு அப்படியே ஒட்டுகிறது. (வட்டவரங்கு என்பதுதான் சரியான புணர்ச்சி என்று யாராவது வருவார்கள், வரட்டும்.) அதுவும் பிடிக்காவிட்டால் சர்க்கஸ் என்றே எழுதலாம், யாருக்குப் புரியாது?

அதே படத்தில் அந்தரத்தில் தொங்கி ஆடும் பார் விளையாட்டு "ஊசல் நடனம்" ஆகியிருந்தது, பபூன் "விகடகவி" ஆகியிருந்தார். பபூனும் கடன் சொல்தான், ஆனால் நம் நாடக மேடையில் ஊறிய சொல். அப்புறம் சாமான் வண்டிக்குத் "தளவாட ஊர்தி" என்று போட்டிருந்தார்கள், வாசித்ததும் எனக்குப் பீரங்கிதான் ஞாபகம் வந்தது. முளை ஏற்றி வந்ததை நாங்கள் சாமான் லாரி என்போம், அதன் பின்னாலேயே திடல்வரை ஓடுவோம்.