ஜாஸ் டேப்புல வினிகர் வாசம் வந்தா என்ன அர்த்தம்?

1964ல தென்னாப்பிரிக்காவோட டர்பன் நகரத்துல ப்ளூ நோட்ஸ்ங்கற ஜாஸ் குழு வாசிச்ச கச்சேரி 1995லதான் ஆல்பமா வந்துச்சுன்னு போன தடவை எழுதியிருந்தேன். அதைப் படிச்சுட்டு ஒருத்தர் கேட்டிருக்கார்: முப்பது வருஷம் கிடந்த டேப் எப்படிங்க கெடாம இருந்துச்சு, எங்க தாத்தாவோட பழைய நெகட்டிவ் டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாசம் மூக்கைத் துளைக்குதே?

சூப்பர் கேள்வி, ஏன்னா அந்தக் கால நெகட்டிவுக்கும் டேப்புக்கும் வர்ற சீக்கு ஒண்ணேதான்.

முதல்ல இந்த டேப்பெல்லாம் கெட்டா நாம எதை இழக்கறோம்னு சொல்லிடறேன். ப்ளூ நோட்ஸ்ல பியானோ வாசிச்ச கிறிஸ் மெக்ரெகர் வெள்ளைக்காரர், மத்தவங்க கறுப்பினத்தவங்க, நிறவெறிச் சட்டம் இருந்த நாட்டுல ஒரே மேடைல சேர்ந்து வாசிக்கிறதே பெரும்பாடு, அதே 1964ல ஃபிரான்ஸ்ல ஒரு ஜாஸ் விழாவுக்குன்னு கிளம்பினவங்க வெளிநாட்டுலயே தங்கிட்டாங்க. இப்படிப்பட்ட ஆளுங்களோட வாசிப்புல ஸ்டூடியோவுக்குள்ள போய்ப் பதிவானது கொஞ்சம்தான். மிச்சத்தைக் காப்பாத்தினது ரசிகர்கள். கேப்டவுன்ல இயன் ஹண்ட்லின்னு ஒருத்தர் 1964ல ஆரம்பிச்சு பத்து வருஷம் போல, கேமராவும் டேப் ரெக்கார்டருமா கிளப் கிளப்பா போய் எடுத்து வெச்சது மட்டும் 50 மணி நேரத்துக்கு மேல இருக்கு.

இப்ப கெமிஸ்ட்ரி. அந்தக் காலத்து ஃபிலிம்ல பெரும்பாலானது, டேப்புல கணிசமானது, செல்லுலோஸ் அசிட்டேட்டுங்கற பிளாஸ்டிக் மேல செஞ்சது. பஞ்சு, மரக்கூழ்ல இருக்கற செல்லுலோஸ்கூட அசிட்டைல்ங்கற சின்ன அணுத் தொகுதிகளைச் சேர்த்துச் செய்யறது அது. காத்துல இருக்கற ஈரம் உள்ள போய் அந்த அசிட்டைலை ஒவ்வொண்ணா கழட்டி விட்டுடும், கழண்டது தண்ணியோட சேர்ந்து அசிட்டிக் அமிலமா வெளிய வரும், அதாவது அசல் வினிகர்ல இருக்கறதேதான். இதோட நின்னா பரவால்லங்க. வந்த அமிலமே அடுத்த அசிட்டைல் கழள்றதுக்கு வினையூக்கி! புளிச்ச மாவுல ஒரு கரண்டி புது மாவுல விழுந்தா எப்படிச் சீக்கிரம் புளிக்குமோ அப்படி. அதனாலதான் பல வருஷம் ஒண்ணுமே ஆகாத மாதிரி இருந்துட்டு, ஒரு அளவைத் தாண்டினதும் மடமடன்னு போயிடும், பக்கத்துல இருக்கற நல்ல ஃபிலிமையும் அந்த ஆவி கெடுத்துடும். எனக்கு இந்த வினை மேல ஒரு தனிப் பிரியமே உண்டு, தன்னைத் தானே வேகப்படுத்திக்கற கெட்ட புத்தி அதுக்கு.

அப்புறம் அடிப் பிளாஸ்டிக் சுருங்கும், ஆனா மேல படம் இருக்கற ஜெலட்டின் அந்த அளவுக்குச் சுருங்காது. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்க முடியாம ஜெலட்டின் வாய்க்கா வாய்க்காலா எழும்பி நிக்கும், சாக்ஸபோன்காரர் முகத்துக்குக் குறுக்கால ஒரு வரப்பு ஓடும். டேப்போ விளிம்பு வளைஞ்சு, மெஷின்ல சத்தத்தைப் படிக்கற ஹெட்ல சரியா உக்காராது, அப்போ முதல்ல மங்கறது டிரம்ஸ்காரர் தட்டற சிம்பல்ங்கற உலோகத் தட்டோட அந்த சல்சல் சத்தம், ஏன்னா அதிக அதிர்வெண்ணுக்குத்தான் நெருக்கமான தொடுதல் வேணும். நெகட்டிவுக்காவது கடைசி வழி ஒண்ணு இருக்கு, ஜெலட்டின் படலத்தை மட்டும் கரைசல்ல மிதக்க விட்டு உரிச்சு எடுத்து ஸ்கேன் பண்ணலாம். டேப்புக்கு அதுவும் கிடையாது.

'டேப்பை ஓவன்ல வெச்சுச் சூடாக்கினா சரியாயிடும்'னு ஒரு கதை சுத்துது. 1970கள்ல இருந்து வந்த சில பாலியெஸ்டர் டேப்புக்கு அது நிஜம், அங்க கெடறது காந்தத் துகளை ஒட்டி வைக்கற பசை, 50 டிகிரிக்குக் கொஞ்சம் மேல பல மணி நேரம் வெச்சா தற்காலிகமா இறுகும். அசிட்டேட் டேப்பை அப்படி வெச்சீங்கன்னா கதை முடிஞ்சுது. ரீலைப் பக்கவாட்டுல வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க, வெளிச்சம் ஊடுருவினா பெரும்பாலும் அசிட்டேட். பத்திரமா இருக்கட்டும்னு காத்துப் புகாத தகர டப்பால அடைக்கிறதும் தப்பு, அமிலம் உள்ளயே தங்கிடும்.

கழண்ட அசிட்டைலைத் திருப்பி ஒட்ட வழியே இல்ல, குளிரும் வறட்சியும் வெச்சு மெதுவாக்கத்தான் முடியும். சாதா அறைல ஒரு அம்பது வருஷத்துல தொடங்கற கேட்டை உறைநிலைக்குக் கீழ வெச்சா நூத்துக்கணக்கான வருஷம் தள்ளிப் போடலாம். ஆனா கரண்ட் பில்லுக்கு எவன் காசு குடுக்கறான்? டிஜிட்டல் பண்றோம்னா நிதி வரும், ஃபோட்டோ எடுத்துப்பாங்க, பத்து வருஷம் குளிர் அறை ஓட்டணும்னா பதிலே வராது. 2021 ஏப்ரல்ல கேப்டவுன் பல்கலைக்கழகத்து ஜாகர் நூலகம் எரிஞ்சப்போ ஆப்பிரிக்க ஆய்வுச் சேகரிப்புல எவ்வளவோ போச்சு, அதுக்கப்புறமும் எந்த நாட்டுலயும் நிதி குடுக்கறவங்க பெருசா மாறின மாதிரி எனக்குத் தெரியல.

கேட்டவருக்கு: தாத்தா நெகட்டிவை மத்த ஃபிலிம்ல இருந்து உடனே பிரிச்சு வைங்க, சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்க. ஃபிரிட்ஜ்ல வைக்கறதா இருந்தா ஈரம் புகாத உறை போட்டு வைங்க, வெளிய எடுத்ததும் திறக்காம அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் விட்டுடுங்க, இல்லன்னா அது மேலயே தண்ணி கோத்துக்கும்.