கனடா பி.ஆர். உள்ளவர்கள் அமெரிக்கா சென்றுவர விசா பெறும் முறை

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளிலிருந்து கனடா சென்று, அங்கே பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்ட குடும்பங்கள் பல. அந்த அட்டை கைக்கு வந்ததும், நியூஜெர்சியிலோ மிச்சிகனிலோ இருக்கும் பங்காளி வீட்டுச் சீருக்கும் மாமன் மகள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கும் காரிலேயே போய்வந்துவிடலாம் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படிப் போக இயலாது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் கனடாவில் எத்தனை ஆண்டுகளாக பி.ஆர். ஆக இருந்தாலும், அமெரிக்காவுக்குள் ஒரே ஒரு நாள் சென்றுவருவதற்கும் விசா வேண்டும். விலக்கு கனடியக் குடிமக்களுக்கே உரியது. ஆகவே கனடாவில் பிறந்த குழந்தை தன் கனடியப் பாஸ்போர்ட்டில் எல்லையைக் கடக்கலாம்; அதே காரில் உடன்வரும் பெற்றோர் விசா இல்லாமல் கடக்க முடியாது. ஊருக்கு வந்து திரும்பும்போது நியூயார்க்கில் விமானம் மாறுவதாக டிக்கெட் எடுத்திருந்தாலும் இதே நிலைதான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் கிரீன் கார்டு பெற்ற இந்தியர் கனடாவுக்கு வர விசா தேவையில்லை. 2022 ஏப்ரல் 26 முதல், விமானத்தில் வருவோருக்கு இருந்த மின்னணுப் பயண அனுமதியும் அவர்களுக்குத் தேவையில்லை என்றாகிவிட்டது. அங்கிருக்கும் தம்பி எளிதாக வந்துபோவதைப் பார்க்கும் அண்ணன், தனக்கும் அவ்வாறே இருக்கும் என்று நினைப்பது இயல்பு. மேலும், 2003 மார்ச் 17 வரை, காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களாக இருந்து கனடாவில் நிரந்தரமாகக் குடியேறியவர்களுக்கு அமெரிக்கா விசா விலக்கு அளித்துவந்தது. தொண்ணூறுகளில் சென்ற பெரியவர்கள் "நாங்கள் அப்படியே போய்வந்தோமே" என்று சொல்வது அந்தக் காலத்துக்கு உண்மையே, இன்றைக்குப் பொருந்தாது.

பெற வேண்டியது பி1/பி2 எனப்படும் வருகையாளர் விசா. 2025 செப்டம்பரில் வந்த அறிவுறுத்தலின்படி, தற்காலிக விசாவுக்கு விண்ணப்பிப்பவர் தாம் குடியுரிமை பெற்ற நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குச் செல்ல வேண்டும். பி.ஆர். அட்டை கனடாவில் வசிப்பதற்குச் சான்று என்பதால், டொரான்டோ, வான்கூவர், கால்கரி போன்ற நகரங்களில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகங்களில் விண்ணப்பிக்கலாம். இந்தியக் குடிமகன் என்ற முறையில், நோம்பிக்கு ஊருக்கு வரும்போது சென்னையிலும் விண்ணப்பிக்க இடமுண்டு. ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விசா பதிப்பதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள்; கூடுதல் விசாரணை என்று தாமதமானால், கோவையில் உட்கார்ந்துகொண்டு திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட நேரிடும். கட்டணம் 2023 ஜூன் 17 முதல் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. கனடாவில் கட்டியதை இந்தியாவில் பயன்படுத்தவும் முடியாது.

விண்ணப்பப் படிவத்தின் பெயர் டி.எஸ்.-160. இணையத்திலேயே நிரப்ப வேண்டிய இதில் நம்மவர்கள் தடுமாறும் இடம் பெயர்தான். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லாததால், பலருடைய பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' என்ற இடம் வெறுமையாகவும், சொந்தப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து 'கிவன் நேம்' என்ற இடத்திலும் அச்சாகியிருக்கும். அப்படியிருந்தால், அமெரிக்க முறைப்படி முழுப் பெயரையும் சர்நேம் கட்டத்தில் எழுதி, கிவன் நேம் கட்டத்தில், முதற்பெயர் அறியப்படவில்லை என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' (FNU) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை இட வேண்டும். கனடாவும் இத்தகைய பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே பதிவு செய்வதால், பி.ஆர். அட்டையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. தந்தை பெயரைத் தாமாகப் பிரித்து எழுதுவதோ இனிஷியலை விரித்து எழுதுவதோ கூடாது. பாஸ்போர்ட்டில் உள்ளதே பெயர். கடந்த ஐந்தாண்டுகளில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளையும் படிவம் கேட்கும். முன்பு எப்போதாவது அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுத வேண்டும். வேறொருவர் படிவத்தை நிரப்பித் தந்தால் அவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். பொய்யான தகவலின் விளைவு, வாழ்நாள் தடை வரை, விண்ணப்பதாரரையே சேரும். முகவர்கள் "அதையெல்லாம் எழுத வேண்டாம்" என்று சொன்னால் கேட்காதீர்கள்.

நேர்காணலில் அதிகாரி மனதில் இருக்கும் கேள்வி ஒன்றே: இவர் திரும்பிப் போவாரா? அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விண்ணப்பிப்பவர் தங்கிவிட வருகிறவர் என்றே முதலில் கருதச் சொல்கிறது. அப்படியல்ல என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. இங்கேதான் பலர் பொள்ளாச்சித் தோப்பின் பட்டாவையும், ஊரில் உள்ள ஆடிட்டர் தந்த சொத்து மதிப்புச் சான்றையும் கோப்பில் அடுக்கிக்கொண்டு போகிறார்கள். கனடாவிலிருந்து விண்ணப்பிப்பவர் திரும்பிச் செல்வதாகச் சொல்லும் வீடு கனடாவில் இருக்கிறது. எனவே வேலை செய்யும் நிறுவனத்தின் கடிதம், சம்பளச் சீட்டு, கனடிய வருமான வரி மதிப்பீட்டு அறிக்கை, வீட்டு வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் பத்திரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று ஆகியவற்றுக்கே அங்கே எடை அதிகம். அதிகாரி ஒரு காகிதத்தைக்கூட வாங்கிப் பார்க்காமல் போகலாம்; ஆகவே யாரைப் பார்க்கப் போகிறோம், எத்தனை நாள், யார் செலவு என்பதை இரண்டு வரியில் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கனடா வந்திறங்கிச் சில வாரங்களே ஆனவர், வேலையில் நிலைகொண்ட பிறகு விண்ணப்பிப்பது மேல். 2025 செப்டம்பர் முதல், 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் 79 வயதைக் கடந்த பெரியவர்களும் பொதுவாக நேரில் வர வேண்டியிருக்கிறது. 214(பி) பிரிவின் கீழ் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. மீண்டும் கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம்.

இந்தியக் குடிமக்களுக்கு இந்த விசா பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு, பலமுறை சென்றுவரும்படி தரப்படுகிறது. அதனால் ஒரே பயணத்தில் எத்தனை நாளும் தங்கலாம் என்றாகிவிடாது. தங்கும் காலத்தை எல்லையில் உள்ள அதிகாரி ஐ-94 என்ற பதிவில் குறிப்பார், அதுவே கணக்கு. தரைவழியாகச் செல்வோர் இதற்குக் கட்டும் தொகை 2025 செப்டம்பர் 30 முதல் 30 டாலராக உயர்ந்தது. டொரான்டோவிலிருந்து விமானத்தில் சென்றால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அந்த விமான நிலையத்திலேயே முடிந்துவிடும் என்பதால், முன்னதாகவே செல்ல வேண்டும்.

திரும்பி வருவதற்கு விமானத்திலும் பேருந்திலும் ரயிலிலும் செல்லுபடியாகும் பி.ஆர். அட்டை கட்டாயம். அது வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானாலோ தொலைந்தாலோ, கனடாவின் நிரந்தரவாசிப் பயண ஆவணத்துக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஐந்தாண்டுகளில் 730 நாட்கள் கனடாவில் வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில், அமெரிக்காவில் உறவினர் வீட்டில் கழித்த நாட்கள் சேராது. ஆகையால் விசா விண்ணப்பத்தைத் தொடங்கும்போதே அட்டையின் முடிவுத் தேதியைப் பார்த்து, பயணக் காலத்தை நெருங்கியிருந்தால் புதுப்பிக்கும் விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிடுங்கள்.