வாவிக்கரைக் குப்பை: ஊர்ச் சங்கம் பிரதேச சபையோடு வேலை செய்வது எப்படி?

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் சிரமதானத்துக்கு ஆள் சேர்ப்பது பெரிய பாடில்லை. கண்டல் வேர்களில் சிக்கிய சொப்பிங் பை, யோகட் கோப்பை, பம்பர்ஸ் எல்லாவற்றையும் பொறுக்கி மூடையாகக் கட்டிவிடுவார்கள். சபையின் உழவு இயந்திரம் அன்றே வராவிட்டால் இரவில் நாய்கள் மூடையைக் கிழிக்கும், காற்று மிச்சத்தை வாவிக்குள் தள்ளும். திகதி குறிக்கும் முன்பே சபைச் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, வாகனம் வரும் நேரத்தை எழுத்தில் வாங்குங்கள். துப்புரவு என்ற பேரில் கண்டல் கன்றுகளைப் பிடுங்காமல் பார்க்க விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே நிற்கட்டும்.

கடிதம் போகும் இடத்திலும் பிழை நடக்கிறது. குப்பை அகற்றுவது பிரதேச சபையின் கடமை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரதேச செயலகம் வேறு, அது அரசின் நிர்வாக அலுவலகம். கரையில் மண் அள்ளுவது பற்றிய முறைப்பாடென்றால், மண் அகழ்வு அனுமதி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கையில். எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒருவரும் பொறுப்பெடுக்கமாட்டார்கள்.

சபைக்குப் போகும்போது கணக்கோடு போங்கள். முப்பது வீடுகளைத் தெரிந்தெடுத்து, உக்கும் கழிவையும் உக்காததையும் வேறுவேறாக ஏழு நாள் தராசில் நிறுத்து எழுதுங்கள். மீன், இறைச்சி வாங்கும் நாளில் நிறை ஏறும். ஒரு நாள் கணக்கு ஏமாற்றும். பெரும்பாலான வீடுகளில் பாதிக்கு மேல் உக்கும் கழிவாகவே இருக்கும். அதைக் கூட்டெருவாக்கினால் லோட் எவ்வளவு குறையும் என்று காட்டினால்தான் தவிசாளரும் உறுப்பினர்களும் காது கொடுப்பார்கள்.

வீட்டில் பிரித்ததைச் சபை ஊழியர் உழவு இயந்திரத்தின் ஒரே பெட்டியில் கொட்டுவதைச் சனம் ஒருமுறை கண்டால் போதும், அடுத்த கிழமை ஒருவரும் பிரிக்கமாட்டார்கள். பெட்டிக்கு நடுவே பலகை அடிக்கலாம். அதைவிடச் சுலபம் நாளைப் பிரிப்பது: உக்கும் கழிவுக்குக் கிழமையில் இரண்டு நாள், உக்காததற்கு ஒரு நாள். நம் வெயிலுக்கு மீன் கழிவு கிழமை முழுக்கத் தாங்காது.

பிரிக்காமல் கொட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு சாட்சி. அங்குள்ள குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானை தேடி வருவது சோற்றையும் மரக்கறியையும். அது பொலித்தீனுக்குள் கட்டிக் கிடப்பதால் பையோடு சேர்த்து விழுங்குகிறது. உணவுக் கழிவு மேட்டுக்குப் போகாவிட்டால் யானைக்கு அங்கே வேலை இல்லை.

நன்கொடையாக வாளியும் வண்டியும் கிடைக்கும். சாரதி சம்பளம், டீசல், டயர் யார் தருவது? அது சபையின் பாதீட்டில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டுப் பாதீடு டிசம்பருக்குள் நிறைவேறும் என்பதால், செப்டெம்பரிலேயே உறுப்பினர் ஒருவர் மூலம் மாதாந்த அமர்வில் பிரேரணை கொண்டுவாருங்கள். சபையின் சுற்றாடல் குழுவில் உறுப்பினரல்லாத ஊரவருக்கும் இடம் கேட்கலாம்.

நிறைவேறிய தீர்மானத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிச் சங்கக் கோவையில் போடுங்கள். தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.