'சேமித்தாச்சு' என்று கணினி சொன்னால் நம்பலாமா?

கோப்பைச் சேமித்ததும் வேலை முடிந்தது என்று நிரல் சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த நொடியில் டிஸ்க்கில் பெரும்பாலும் எதுவுமே மாறியிருக்காது. நாம் எழுதியதை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னல், நினைவகத்தில் உள்ள பேஜ் கேச் என்ற தற்காலிகச் சேமிப்பில் வாங்கி வைத்து, அந்தப் பக்கத்துக்கு 'டர்ட்டி' (இன்னும் டிஸ்க்குக்குப் போகவில்லை) என்று ஒரு குறி போடுகிறது, அவ்வளவுதான். பக்கம் என்பது நினைவகத்தின் ஒரு துண்டு, வழக்கமாக 4 கேபி. குறி விழுந்து 30 நொடிபோல ஆனதும், பின்னணியில் அது டிஸ்க்குக்குப் போகும்.

அதற்குள் வேறொரு நிரல் அதே கோப்பைப் படித்தால்? புதியதே கிடைக்கும். படிப்பதும் இதே கேச் வழியாகத்தான் என்பதால், டிஸ்க் பின்தங்கியிருப்பது யாருக்கும் தெரியாது.

மின்சாரம் போனால்தான் வம்பு. கடைசி அரை நிமிட வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பாதி எழுதி பாதி எழுதாமல் நிற்பதுதான் ஆபத்து. கோப்பு ஒரு தொகுதி (டிஸ்க்கில் இடம் ஒதுக்கும் அலகு) வளர்ந்தால் தரவு, ஐநோட் (கோப்பின் தொகுதிகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு), காலித் தொகுதிகளின் பட்டியல் மூன்றையும் எழுத வேண்டும். ஐநோட் மட்டும் டிஸ்க்கைச் சேர்ந்து பட்டியல் சேராவிட்டால், அதே தொகுதி இன்னொரு கோப்புக்கும் போய்விடும். அப்புறம் ஒன்றில் எழுதினால் மற்றது கெடும்.

இதற்குத்தான் எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைமைகள் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைக்கும் ஏற்பாடுகள்) ஜர்னல் என்ற குறிப்பேடு வைத்திருக்கின்றன. செய்யப்போகும் மாற்றங்களை முதலில் அங்கே எழுதி, கடைசியில் 'கமிட்' என்று முத்திரை வைக்கும். கணினி மீண்டும் எழும்போது முத்திரை இருந்தால் அந்த மாற்றங்களைச் செய்து முடிக்கும், இல்லையென்றால் கண்டுகொள்ளாது. எக்ஸ்ட்4 வழக்கமாக ஐநோட், பட்டியல் போன்றவற்றைத்தான் ஜர்னலில் எழுதுகிறது. தரவு நேராக அதன் இடத்துக்கே போகிறது, ஆனால் முத்திரைக்கு முன்பே போயாக வேண்டும்.

சரி, டிஸ்க்காவது சொன்ன வரிசையில் எழுதுமா? அதற்குள்ளும் ஒரு கேச் உண்டு; வரிசையை அது தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும். அதனால் முத்திரைக்கு முன், 'கையில் இருப்பதையெல்லாம் எழுதி முடி' என்று ஒரு ஃப்ளஷ் கட்டளை போகிறது.

அந்த அரை நிமிடம் காத்திருக்க முடியாத நிரல்கள், 'இப்போதே டிஸ்க்கில் எழுது' என்று கர்னலிடம் சொல்லும் எஃப்சிங்க் கட்டளையை அழைக்கும். தரவு டிஸ்க்கில் சேரும்வரை அது திரும்பாது. தரவுத்தளங்கள் உயிர்வாழ்வதே இதை நம்பித்தான். 2018இல் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தின் குழு இதில் ஒரு ஓட்டையைப் பார்த்தது. டிஸ்க் பிழையால் எஃப்சிங்க் தோற்றாலும், லினக்ஸ் அந்தப் பக்கத்தின் டர்ட்டி குறியை அழித்துவிடலாம். மறுபடி அழைத்தால் 'வெற்றி' என்றே பதில் வரும், தரவோ டிஸ்க்கில் இருக்காது. இப்போது எஃப்சிங்க் ஒருமுறை தோற்றாலே போஸ்ட்கிரெஸ் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைத்த தன் பதிவேட்டிலிருந்து மீண்டும் எழுகிறது.